கேபிளுக்கும் தோல் என்றுதான் பெயர்

பழைய இரும்புக்கடையில் மின்கேபிளின் மேலிருக்கும் பிளாஸ்டிக் உறையை யாரும் ‘இன்சுலேஷன்’ என்று சொல்வதில்லை. ‘தோல்’ என்கிறார்கள். அதை நீக்குவது தோல் உரிப்பது. கீழப்பாவூரிலும் பக்கத்தில் பாவூர்சத்திரத்திலும் இந்தச் சொல்தான் புழங்குகிறது.

செத்த மாட்டின் தோலை உரிக்கும் வேலையை ஒரு கூட்டத்தின் தலையில் கட்டிவிட்டு, அதைச் செய்ததற்காகவே அவர்களைத் தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கிய சமூகம் இது. 2016 ஜூலை 11 அன்று குஜராத்தின் உனாவில், செத்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர்களை வண்டியில் கட்டி வைத்து அடித்தார்கள். அந்த வீடியோவைப் பார்த்துக் கொதித்த தலைமுறைதான் நாம். ஆனால் நம் ஊரில் அலுமினியக் கேபிளின் தோலை யார் உரிக்கிறார்கள் என்று நாம் கேட்டதில்லை. கேட்டுப் பார்த்தால், இரண்டு வேலைக்கும் ஒரே பெயர் இருப்பதைத் தற்செயல் என்று விட்டுவிட முடியாது.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது ஒன்றுதான். கேபிள் உரிப்பவருக்கு ஒரு முதலாளி இருக்கிறார். அந்த முதலாளியை யார் கண்ணுக்கும் தெரியாமல் மறைத்து வைத்திருப்பது சாதி. ‘மறுசுழற்சி’, ‘பசுமை வேலை’, ‘சுழற்சிப் பொருளாதாரம்’ என்ற அழகான சொற்களால் நம்மில் பலரும் அந்த மறைப்புக்குத் திரை பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

வேலை எப்படி நடக்கிறது

மின்கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் பழைய சர்வீஸ் ஒயர், கழற்றிப் போட்ட நிலத்தடிக் கேபிள், காற்றாலைகளிலிருந்து வரும் கனத்த கேபிள் எல்லாம் எடைக்குக் கடைக்கு வருகின்றன. தாமிரக் கேபிள் என்றால் கடைக்காரர் அதைக் கடையை விட்டு வெளியே அனுப்புவதில்லை. கடையிலேயே மெஷின் வைத்து, தன் கண் முன்னால் உரித்துக்கொள்கிறார். அலுமினியம் என்றால் கட்டுக் கட்டாகத் தெருவுக்குள் போகிறது. வீட்டு வாசலில், வேப்பமர நிழலில், பெண்கள் உட்கார்ந்து உரிக்கிறார்கள். பள்ளி விட்டு வந்த பிள்ளைகளும் கூட உட்காருகிறார்கள்.

கருவி என்பது பெரும்பாலும் பழைய ஹேக்ஸா பிளேடைக் கல்லில் தீட்டி, ஒரு முனையில் துணி சுற்றிய கத்தி. கேபிளைக் காலுக்கடியில் மிதித்துக்கொண்டு நீளவாக்கில் கீற வேண்டும். நிலத்தடிக் கேபிள் என்றால் வெளித்தோலுக்குக் கீழே இரும்புக் கம்பிச் சுற்று இருக்கும். அதைப் பிரிக்கும்போது கம்பி முனை தெறித்துக் கையைக் கிழிக்கும். அதற்குக் கீழே இன்னொரு தோல். பிறகு ஒவ்வொரு கம்பிக் கற்றையின் மேலும் ஒட்டிக்கிடக்கும் கடைசித் தோல். வெயிலில் பல ஆண்டு கிடந்த ஒயரின் தோல் கல் மாதிரி இறுகியிருக்கும், கத்தி வழுக்கும். இடது கைப் பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் ஆறிய வெட்டும் ஆறாத வெட்டும் இல்லாத ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

அந்தத் தோல் பெரும்பாலும் பி.வி.சி. தூய பி.வி.சி.யின் எடையில் பாதிக்கு மேல் குளோரின். பழைய பி.வி.சி. கேபிள் உறைகளில், சூட்டில் சிதையாமல் இருப்பதற்காக ஈயச் சேர்மங்களைக் கலந்தார்கள். நொறுங்கும் தோலின் தூசி கையில் ஒட்டும். அந்தக் கையோடுதான் பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறார்கள். ஈயத்தைப் பொறுத்தவரை இந்த அளவுக்குக் கீழே ஆபத்தில்லை என்று சொல்ல எந்த அளவும் கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

மெல்லிய ஒயரை உரித்தால் கூலி கட்டாது. அதனால் ஊருக்கு வெளியே, குளத்தங்கரைப் பக்கம் போட்டு எரிப்பதும் நடக்கிறது. பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், டையாக்சின் வரும். நாடு விட்டு நாடு போகும் கழிவுகளைக் கட்டுப்படுத்தும் பேசல் உடன்படிக்கையில், திறந்தவெளியில் எரிக்கப்போகும் பிளாஸ்டிக் உறைக் கேபிளுக்கு ஆபத்தற்ற கழிவு என்ற சலுகை கிடையாது. அதாவது கப்பலில் வரும் கேபிளை எரிக்கக் கூடாது என்று உலக நாடுகள் கூடி எழுதி வைத்திருக்கின்றன. டிவிஎஸ் வண்டியில் வரும் கேபிளைப் பற்றி எழுத யாருமில்லை.

ஏன் அலுமினியம் மட்டும் தெருவுக்குப் போகிறது?

இதற்கு விடை ஒரு எளிய கணக்கில் இருக்கிறது. அலுமினியத்தின் அடர்த்தி 2.7. தாமிரத்தின் அடர்த்தி 8.96. ஒரே தடிமனுள்ள கம்பியை எடுத்துக்கொண்டால், ஒரு கிலோ தாமிரம் சேர்வதற்கு எவ்வளவு நீளம் உரிக்க வேண்டுமோ அதைப்போல 3.3 மடங்கு நீளம் உரித்தால்தான் ஒரு கிலோ அலுமினியம் சேரும். கிலோ விலையோ தாமிரத்தின் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு மீட்டர் தாமிர ஒயரின் தோலை உரித்தால் பத்து ரூபாய்க்கு உலோகம் கிடைக்கும் என்றால், அதே தடிமனுள்ள அலுமினிய ஒயரில் கிடைப்பது ஒரு ரூபாய்க்குத்தான். கத்தி ஒன்று, கை ஒன்று, நேரமும் வெட்டுக்காயமும் ஒன்று. கிடைக்கும் மதிப்பு பத்தில் ஒன்று.

எனவே அலுமினியத்துக்காக மெஷின் வாங்கி, மின்கட்டணம் கட்டி, ஆள் வைத்துக் கூலி கொடுப்பது கடைக்காரருக்குக் கட்டுப்படியாகாது. கட்டுப்படியாகும் ஒரே வழி, மாலைக்குள் முடியாத வேலைக்கும் உரித்த உலோகத்தின் கிலோவுக்கு இவ்வளவு என்று மட்டும் வாங்கிக்கொள்ளும் கைகளைக் கண்டுபிடிப்பதுதான். இரும்புக்கடை அந்தக் கைகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஊரின் வரைபடத்திலேயே அவை குறிக்கப்பட்டிருக்கின்றன.

எங்கள் வட்டாரத்தில் நான் கண்டவரை, தூய்மைப் பணிக்கு ஆள் போகும் வீடுகளின் வாசலில்தான் கேபிள் கட்டும் வந்து இறங்குகிறது. அருந்ததியர் வீடுகள், மற்ற பட்டியல் சாதி வீடுகள், ஊருக்கு ஓரத்தில் தங்கும் நாடோடிச் சமூகக் குடும்பங்கள். காலையில் ஊர்க் குப்பையை அள்ளும் குடும்பம் மாலையில் ஊர்க் கேபிளை உரிக்கிறது.

‘இது சாதி இல்லை, வறுமை’ என்று ஒருவர் சொல்வார் என்று எனக்குத் தெரியும். என் ஆய்வுத் துறைக் கருத்தரங்குகளிலேயே இதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். ஏழைகள் எல்லாச் சாதியிலும் இருக்கிறார்கள் என்பது உண்மைதான். ஏழைக்கு முன்னால் எந்த வேலை வந்து விழுகிறது என்பதில்தான் சாதி இருக்கிறது. கையில் காசில்லாத ஆதிக்கச் சாதிக்காரர் சொந்தக்காரர் கடையில் கணக்கு எழுதப் போகிறார், மில்லுக்கு மேஸ்திரியாகப் போகிறார், கடன் வாங்கி ஒரு லோடு ஆட்டோ எடுக்கிறார். அவர் வீட்டு வாசலில் யாரும் கேபிள் கட்டை இறக்கிவிட்டு ‘உரிச்சு வையி’ என்று சொல்லிவிட முடியாது. அப்படிச் சொல்லத் தோன்றாமல் இருப்பதற்குப் பெயர்தான் சாதி.

பத்தாம் அத்தியாயத்தில் மனு, சண்டாளர்களுக்கென்று ஒதுக்கிய உடைமைகளைப் பாருங்கள்: உடைந்த பாத்திரம், பிணத்தின் துணி, இரும்பு நகை. ஊர் பயன்படுத்தி முடித்த, உடைந்த, தீட்டுப்பட்ட பொருள் எதுவோ அது அவர்களுக்கு. அந்தப் பட்டியலில் இன்று பழைய கேபிளும் சேர்ந்திருக்கிறது. இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. மின்கம்பியில் பயன்படும் அலுமினியம் 99.5 விழுக்காட்டுக்கு மேல் தூய்மையானது. அதனால்தான் நன்றாக உரித்த கம்பிக்கு அலுமினியக் கழிவிலேயே உயர்ந்த விலை. சந்தையின் மிகத் தூய்மையான உலோகத்தை, தீட்டு என்று ஒதுக்கப்பட்ட கைகளிடமிருந்து வாங்கிக்கொள்வதில் எந்த முதலாளிக்கும் சங்கடம் இருந்ததாகத் தெரியவில்லை.

பீடிக்கு முதலாளி உண்டு, கேபிளுக்கு இல்லையா?

கீழப்பாவூர், ஆலங்குளம், கடையம் பகுதிகளைத் தெரிந்தவர்களுக்குப் பீடியைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. என் அம்மா பீடி சுற்றியவர். அவரும் வீட்டுத் திண்ணையில்தான் உட்கார்ந்து சுற்றினார். இலையும் தூளும் கம்பெனியிலிருந்து வந்தன. சுற்றியதைக் கம்பெனி எடுத்துக்கொண்டு எண்ணிக்கைக்குக் கூலி கொடுத்தது. இந்த விவரத்தில் ‘பீடி’ என்பதை எடுத்துவிட்டு ‘கேபிள்’ என்று போட்டால் ஒரு சொல்லையும் மாற்ற வேண்டியதில்லை.

ஆனால் பீடிக்கு 1966இல் ஒரு சட்டம் வந்தது. பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம். வீட்டில் உட்கார்ந்து சுற்றுகிறவரும் தொழிலாளிதான் என்று அந்தச் சட்டம் சொன்னது. பீடி முதலாளிகள் விடவில்லை. ‘நாங்கள் முதலாளிகளே அல்ல, இடையில் ஒப்பந்தக்காரர் இருக்கிறார், வீட்டில் சுற்றுவதை நாங்கள் எப்படிக் கண்காணிப்பது’ என்று உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1974இல் மங்களூர் கணேஷ் பீடி வழக்கில் நீதிமன்றம் சட்டத்தை உறுதி செய்தது. 1976இல் பீடித் தொழிலாளர் நல நிதிச் சட்டம் வந்தது. அடையாள அட்டை, வருங்கால வைப்பு நிதி, பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை எல்லாம் அந்த வழியாக வந்தவை. கம்பெனிகள் ஏமாற்றின, இன்றும் ஏமாற்றுகின்றன. பீடிப் புகையிலை என் அம்மாவின் நுரையீரலை என்ன செய்தது என்பதையும் நான் மறக்கவில்லை. ஆனாலும் பள்ளியில் நான் படித்தது பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான உதவித்தொகையில்தான். என் அம்மாவைச் சட்டம் தொழிலாளி என்று ஏற்றுக்கொண்டதால்தான், அவருடைய மகள் இன்று முனைவர் பட்ட ஆய்வாளர்.

எங்கள் தெருவிலிருந்து கூப்பிடு தூரத்தில் கேபிள் உரிக்கும் வீட்டுப் பெண் பிள்ளைக்கு அந்த அட்டை இல்லை. அவளுடைய அம்மாவிடம் முதலாளி யார் என்று கேட்டேன்.

“மொதலாளியா? அப்படி யாரும் கெடையாது தாயி. சரக்கக் கொண்டாந்து போடுதாவ, உரிச்சதும் நிறுத்து எடுத்துட்டுப் போறாவ. அம்புட்டுதான்.”

கணக்கெடுப்புப் படிவத்தில் இவரை ‘சுயதொழில்’ என்ற கட்டத்தில் போடுவார்கள். சரக்கு அவருடையது இல்லை. விலை அவர் வைப்பதில்லை. எடைத்தராசு அவருடையது இல்லை. காயம் மட்டும் அவருடையது. இதற்குப் பெயர் சுயதொழில்!

ஒன்றிய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டன. அதில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு ‘வீடுசார் தொழிலாளி’ என்பதற்கு விளக்கம் எழுதியிருக்கிறது. விளக்கம் எழுதினார்கள், முதலாளியைக் கைகாட்டவில்லை. இன்னொரு தொகுப்பு, தொழிற்சாலை என்பதற்கான வரம்பை மின்விசை இருந்தால் 10 பேரிலிருந்து 20 பேராகவும், இல்லையென்றால் 20 பேரிலிருந்து 40 பேராகவும் உயர்த்திவிட்டது. சின்னக் குடோன் வைத்துக் கேபிள் உரிக்கும் இடங்கள் இனி அந்தக் கணக்கிலேயே வராது. வீட்டுவேலை முறைக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 177ஆவது உடன்படிக்கை 1996இலேயே வந்தது. இந்தியா இன்னும் அதை ஏற்கவில்லை.

வரிக்குத் தெரிகிறது, தொழிலாளர் துறைக்குத் தெரியவில்லை

‘இதெல்லாம் அமைப்புசாராத் தொழில், அரசு எப்படி உள்ளே போக முடியும்’ என்பது அடுத்த சமாதானம். அரசு உள்ளே போயிருக்கிறது. 2024 அக்டோபர் 10 முதல், பதிவு பெறாதவரிடமிருந்து பதிவு பெற்ற வணிகர் வாங்கும் உலோகக் கழிவுக்கு வாங்குபவரே ஜிஎஸ்டி கட்ட வேண்டும். அதாவது தெருவிலிருந்து பெரிய குடோனுக்குப் போகும் அலுமினியக் கம்பியை எந்த இடத்தில் நிறுத்தி வரி வாங்க வேண்டும் என்பது அரசுக்கு நன்றாகத் தெரியும். கம்பி எந்தக் கையிலிருந்து வந்தது என்பது மட்டும் தெரியாதாம்.

காவல்துறைக்கும் இந்தத் தெரு தெரியும். கேபிளின் தோலில்தான் கம்பெனி பெயரும் அளவும் அச்சிட்டிருக்கும். தோல் போனால் கேபிளின் அடையாளம் போய்விடும். எனவே எங்காவது மோட்டார் கேபிள் திருடு போனால் போலீஸ் ஜீப் நேராக உரிக்கிறவர் வாசலுக்குத்தான் வருகிறது. திருட்டுப் பொருளை வைத்திருந்த குற்றத்துக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவில் 317ஆவது பிரிவு தயாராக இருக்கிறது. கட்டை இறக்கிவிட்டுப் போனவர் யார், அவர் எங்கே வாங்கினார் என்ற கேள்வி இரண்டாவதாகத்தான் வரும், வந்தால். 1871இல் வெள்ளையர்கள் குற்றப்பரம்பரைச் சட்டம் கொண்டுவந்து முழுச் சமூகங்களைத் திருடர்கள் என்று எழுதினார்கள். 1952இல் அந்தப் பட்டியல் நீக்கப்பட்டது. காவல் நிலையத்தின் மனப்பட்டியல் நீக்கப்படவில்லை.

வரித்துறைக்கும் காவல்துறைக்கும் தெரிகிற ஒரு பெண், தொழிலாளர் துறைக்கும் சுகாதாரத் துறைக்கும் மட்டும் தெரியாமல் போவது நிர்வாகக் கோளாறு இல்லை. எதைப் பார்க்க வேண்டும், எதைப் பார்க்கக் கூடாது என்று சாதி பழக்கிவைத்த கண் அது.

விற்றவர் பொறுப்பு எங்கே முடிகிறது?

பொருளை விற்றவுடன் பொறுப்பு முடிந்துவிடுகிறதா என்ற கேள்விக்கு டெல்லி மாயாபுரி பதில் சொல்கிறது. டெல்லிப் பல்கலைக்கழகம் தன் வேதியியல் துறையில் பயன்படாமல் கிடந்த காமாக் கதிர்வீச்சுக் கருவி ஒன்றை 2010 பிப்ரவரியில் ஏலத்தில் கழிவாக விற்றது. மாயாபுரி இரும்புக்கடைத் தொழிலாளர்கள் அதன் ஈயக் கவசத்தைப் பிரித்தார்கள். அவர்களைப் பொறுத்தவரை அதுவும் உரிக்க வேண்டிய ஒரு தோல். உள்ளே கோபால்ட்-60 இருந்தது. ஒருவர் செத்தார், பலர் மருத்துவமனையில் கிடந்தார்கள். வேதியியல் தெரிந்தவர்கள் விற்றார்கள், எழுதப் படிக்க வாய்ப்பு மறுக்கப்பட்டவர்கள் பிரித்தார்கள்.

பொதுத்துறை நிறுவனங்கள் தங்கள் உலோகக் கழிவை ஏலத்தில் விற்கின்றன. 1964இல் தொடங்கப்பட்ட எம்.எஸ்.டி.சி. என்ற ஒன்றிய அரசு நிறுவனம் மின்னணு ஏலம் நடத்துகிறது. ஏலத்தில் எடுத்தவர் பணம் கட்டி லாரியில் ஏற்றியதும் கோப்பு மூடப்படுகிறது. லாரி எங்கே போகிறது, கேபிளை யார் உரிக்கிறார்கள், எதை வைத்து உரிக்கிறார்கள் என்பது கோப்பில் இருக்காது.

எங்கள் மாவட்டத்துக்கு இது நாளைய பிரச்சினையும்கூட. செங்கோட்டைக் கணவாய்க் காற்றை நம்பி நட்ட காற்றாலைகள் பாவூர்சத்திரம், சுரண்டைப் பக்கம் நிறைய இருக்கின்றன. பழைய காற்றாலைகளைக் கழற்றிவிட்டுப் புதியவை நிறுவுவதற்குத் தமிழ்நாடு அரசு 2024இல் ஒரு கொள்கையே வெளியிட்டது. நல்ல கொள்கை. புதிய காற்றாலையில் கூடுதல் மின்சாரம் வரும். கழற்றிய கேபிள் எந்தத் தெருவுக்கு வரும் என்பதையும் அப்போதே எழுதியாக வேண்டும். எழுதாவிட்டால் அது எங்கே வரும் என்று எங்களுக்குத் தெரியும்.

வீரர் என்று சொல்லாதீர்கள்

இப்போது நம் பக்கத்துக்கு வருகிறேன். சூழலியல் பேசும் தோழர்கள் பழைய பொருள் சேகரிப்பவர்களையும் பிரிப்பவர்களையும் ‘சூழல் காவலர்கள்’, ‘பூமியின் பாதுகாவலர்கள்’ என்று எழுதுகிறார்கள். பாக்சைட்டிலிருந்து புதிதாக அலுமினியம் எடுக்கத் தேவையான ஆற்றலில் 5 விழுக்காடு இருந்தால் போதும், பழையதை உருக்கி எடுத்துவிடலாம். மீதி 95 விழுக்காடு மிச்சம். இது உண்மை. ஆனால் அந்த மிச்சத்தின் லாபம் உருக்காலைக்கும் வார்ப்பாலைக்கும் போகிறது, பெருமை நிறுவனத்தின் ஆண்டறிக்கைக்குப் போகிறது. உரித்தவருக்கு வருவது ‘காவலர்’ என்ற பட்டம்.

இந்தப் பட்டம் நமக்குப் புதிதல்ல. மலம் அள்ளும் வேலை புனிதமானது, அதைச் செய்பவர் பெருமைப்பட வேண்டும் என்று 1936இல் காந்தி தன் ‘ஹரிஜன்’ இதழில் எழுதினார். அதே ஆண்டில்தான் அம்பேத்கர், லாகூரில் பேச அனுமதிக்கப்படாத உரையை அச்சிட்டு வெளியிட்டு, சாதி என்பது தொழிலாளர்களையே அடுக்கடுக்காகப் பிரித்துப்போட்ட ஏற்பாடு என்று நிறுவினார். வேலையைப் புகழ்வது ஒரு மரபு. வேலையிலிருந்து வெளியேற வழி கேட்பது இன்னொரு மரபு. நாம் எந்த மரபில் நிற்கிறோம்? தன் பிள்ளை கேபிள் உரிக்க வேண்டும் என்று எந்தச் சூழல் ஆர்வலரும் விரும்பாதபோது, அந்த வேலையின் மகத்துவத்தைப் பற்றி அவர் எழுதுவதில் என்ன நேர்மை இருக்கிறது?

நியாம்கிரிக்காக நாம் நின்றோம். 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம் கிராம சபைகளிடம் முடிவை விட்டது, 12 கிராம சபைகளும் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்றன, நாம் கொண்டாடினோம். மேட்டூர் அலுமினிய ஆலைக்காகச் சேர்வராயன் மலையும் கொல்லிமலையும் வெட்டப்பட்டதைப் பற்றியும் பேசினோம். அலுமினியத்தின் ஒரு முனையில் பழங்குடி மக்களின் மலை இருக்கிறது. மறு முனையில் தலித் பெண்ணின் கை இருக்கிறது. முதல் முனைக்குச் சுவரொட்டி ஒட்டிய நாம் இரண்டாவது முனையைக் குப்பை மேலாண்மை என்று நினைத்துவிட்டோம்.

‘எரிப்பதைத் தடை செய்’ என்பது மட்டும் கோரிக்கையானால் என்ன ஆகும் என்பதையும் யோசிக்க வேண்டும். அபராதச் சீட்டு எரித்தவர் பேரில் வரும், கேபிள் கொடுத்தவர் பேரில் வராது. எரிப்பது நிற்கத்தான் வேண்டும். அதற்கு மெல்லிய ஒயரைக் கொடுத்தவர் மெஷினில் உரிக்கும் செலவை ஏற்க வேண்டும்.

மின்சாரத்தைப் பற்றி அம்பேத்கர்

அம்பேத்கரை அரசமைப்புச் சட்டத்தோடு நிறுத்திவிடுகிறோம். 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் அவர் தொழிலாளர் துறை உறுப்பினர். மின்சாரமும் அவர் துறையின் கீழ்தான் இருந்தது. பொதுப்பணி, மின்சாரம் பற்றிய கொள்கைக் குழுவுக்கு அவர் தலைமை வகித்தார். 1944இல் மத்தியத் தொழில்நுட்ப மின்வாரியம் உருவானதில் அவருக்குப் பங்கு உண்டு. மலிவான, போதுமான மின்சாரம் அரசின் பொறுப்பு, அது இல்லாமல் இந்தியா தொழில்மயமாகாது, தொழில்மயமாகாமல் மக்கள் வறுமையிலிருந்து மீள மாட்டார்கள் என்பது அவர் வாதம். கிராமத்தின் சாதி வேலையிலிருந்து மனிதனை வெளியே இழுக்கும் விசையாக அவர் எந்திரத்தைப் பார்த்தார்.

தொழிலாளர் நலனும் மின்சாரமும் ஒரே மனிதரின் மேசையில் இருந்த காலம் அது. இன்று மின்சாரம் ஊரெல்லாம் வந்துவிட்டது. அந்த மின்சாரத்தைச் சுமந்து வந்த கம்பி தேய்ந்து கழிவானதும், எந்தச் சாதி வேலையிலிருந்து மனிதர்களை அது விடுவித்திருக்க வேண்டுமோ அதே தெருவுக்கு, அதே மனிதர்களிடம், கத்தியால் உரிப்பதற்கு வந்து சேர்கிறது. மெஷின் தாமிரத்துக்கு, கை அலுமினியத்துக்கு!

என்ன கேட்க வேண்டும்

முதலாவது, 1982ஆம் ஆண்டுத் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ், கேபிள் உரிப்பதும் உலோகக் கழிவு பிரிப்பதும் பெயர் சொல்லித் தனித் தொழிலாக எழுதப்பட வேண்டும். வீட்டில் உரிப்பவருக்கு அடையாள அட்டை வேண்டும். அவர் பிள்ளைக்கு உதவித்தொகை வேண்டும். பீடிக்கு முடிந்தது கேபிளுக்கும் முடியும்.

இரண்டாவது, சரக்கைக் கொடுத்து உரித்த உலோகத்தைத் திரும்ப எடுத்துக்கொள்பவரே முதலாளி. அவருக்கும் உரிப்பவருக்கும் நடுவில் எத்தனை பேர் நின்றாலும் அவரே முதலாளி. 1974இல் பீடிக்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட நியாயம் இதுதான்.

மூன்றாவது, கூலி கிலோவுக்கு என்பது ஒழிய வேண்டும். லேசான உலோகத்துக்குக் கிலோக்கூலி என்பதே மோசடி. மணிக்கணக்கில் குறைந்தபட்சக் கூலி வேண்டும்.

நான்காவது, அலுமினியம், தாமிரம், துத்தநாகக் கழிவுகளுக்கு உற்பத்தியாளரைப் பொறுப்பாக்கும் விதிகளை ஒன்றிய அரசு 2025இல் அறிவித்தது. 2026 ஏப்ரல் 1 அதன் தொடக்க நாள். மறுசுழற்சிச் சான்றிதழ்கள் அதில் விற்கப்படும், வாங்கப்படும். அந்தச் சான்றிதழ் பணத்தில் உரித்தவருக்குப் பங்கு எழுதப்படாவிட்டால், தெருவில் உரித்த உலோகத்துக்கு ஆலை வாங்கும் இன்னொரு லாபமாகத்தான் அது முடியும்.

ஐந்தாவது, பேரூராட்சிதோறும் மெஷின் வைத்த பொது உரிப்புக்கூடம் வேண்டும். உரிக்கும் பெண்களின் கூட்டுறவு அதை நடத்தட்டும், தாட்கோ முதலீடு போடட்டும். ஒரு நிபந்தனையோடு: அந்தக் கூடத்தின் நோக்கம் இந்தக் குடும்பங்களை இந்த வேலையிலேயே நிரந்தரமாக உட்காரவைப்பதாக இருக்கக் கூடாது. வேலை எல்லோருக்கும் பொதுவானதாகட்டும். கையுறையும் மாதச் சம்பளமும் வைப்பு நிதியும் வந்த பிறகு, எந்தெந்தச் சாதியிலிருந்து விண்ணப்பம் வருகிறது என்று பார்ப்போம்.

இதற்கெல்லாம் ஆட்சி மாற வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. இதைப் படிக்கும் தோழர்கள் ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு வேலை செய்யலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு. உங்கள் மாவட்டத்தில் மின்பகிர்மானக் கழகமும் மற்ற அரசு நிறுவனங்களும் கடந்த ஐந்தாண்டுகளில் எவ்வளவு கேபிள் கழிவை ஏலம் விட்டன, யாருக்கு விட்டன, உரிப்பது பற்றியும் எரிப்பது பற்றியும் ஏல நிபந்தனையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். தென்காசிக்கு நான் எழுதி அனுப்பிவிட்டேன். மற்ற மாவட்டங்களிலிருந்தும் பதில்கள் சேரட்டும். அவற்றை ஒரே கட்டாகக் கட்டித் தொழிலாளர் துறை அமைச்சரின் மேசையில் கொண்டுபோய் இறக்குவோம்.